பீப்பாய் மகளான கதை

கோலார் தங்கவயலில் கடல் இல்லை; ஆனால் கோரமண்டல் உண்டு. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் ரயில் பாதையில் அப்பெயர் தாங்கிய நிலையம் ஒன்று இருக்கிறது. அதைக் கடந்தால் உரிகம், சாம்பியன், பிறகு மாரிக்குப்பம். சிறுவயதில் கோரமண்டல் என்பதை ராபர்ட்சன், ஆண்டர்சன் போல யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர் என்றே நினைத்திருந்தேன். சோழமண்டலம் என்னும் தமிழ்ச்சொல்லே ஐரோப்பியர் நாவில் அவ்வாறு திரிந்தது என்பதை முதுகலை வகுப்பில்தான் அறிந்தேன். கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் தோண்டப்பட்ட சுரங்கத்தின் தலைமாட்டில், ஒரு கடற்கரையின் பெயர் தன் பொருளை மறந்து நின்றுகொண்டிருக்கிறது.

பெயர்கள் இடம் பெயர்வதும் பொருள் மாறுவதும் மொழியியல் மாணவர்களுக்குப் புதிய செய்தியல்ல. ஆனால் ஒரு பெயர் மாற்றம் ஓர் உயிரினத்தின் தலைவிதியை மாற்ற இயலுமா? இந்தக் கேள்விக்கு நம் காலத்திலேயே, ஆண்டு குறிப்பிட்டுச் சொல்லக்கூடிய ஒரு சான்று உள்ளது. அது குஜராத்தின் சௌராஷ்டிரக் கடற்கரையில் நிகழ்ந்தது. அதைப் பற்றி எழுதவே இந்த நீண்ட பதிவு.

தீபாவளிக்கு அடுத்து வரும் அமாவாசையைக் குஜராத்தியர் கார்த்திக அமாசு என்பர். பெரும்பாலும் நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும் அந்நாளை அம்மாநிலத்தில் திமிங்கலச் சுறா நாளாகக் கொண்டாடுகின்றனர். வேராவல் போன்ற மீன்பிடித் துறைமுகங்களில் மீனவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வனத்துறையினரும் கூடுகிறார்கள். வலசை வரும் ஒரு பேருயிரை வரவேற்கிறார்கள். பெயரில் திமிங்கலம் இருந்தாலும் திமிங்கலச் சுறா திமிங்கலம் அன்று. பத்து மீட்டருக்கும் மேல் வளரக்கூடிய, உலகின் மிகப் பெரிய மீன். வாயைத் திறந்து நீரை உள்வாங்கி, அதிலுள்ள மிதவை உயிர்களையும் சிறு மீன்களையும் வடிகட்டி உண்ணும் சாதுவான பிராணி. திமிங்கிலம் என்னும் வடசொல்லுக்குத் திமி என்ற பெருமீனையே விழுங்குவது என்று பொருள். அத்தகைய வாய்ப்பெருமையை இந்த மீனின் பெயரிலும் ஏற்றிவிட்டோம்.

ஆனால் சௌராஷ்டிர மீனவர்கள் அதன் வாயைப் பார்த்துப் பெயர் வைக்கவில்லை. அதைக் கொல்லும் கருவியைப் பார்த்து வைத்தார்கள். அவர்கள் வழக்கில் அம்மீனின் பெயர் ‘பேரல்’, அதாவது பீப்பாய். பெரிய தூண்டில் கொக்கியையோ எறியீட்டியையோ மீனின் உடலில் பாய்ச்சி, அதனோடு கயிற்றில் பிணைத்த காலிப் பீப்பாய்களைக் கடலில் விட்டுவிடுவார்கள். பீப்பாய்கள் மிதக்கும், மீனால் ஆழத்துக்கு அமிழ இயலாது. இழுத்து இழுத்துக் களைத்தபின் கரைக்குக் கொண்டுவருவார்கள். தொடக்கத்தில் ஈரல் எண்ணெய்க்காகவே இந்த வேட்டை நடந்தது. மரப்படகுகளின் பலகைகளில் நீர் ஊறாமலிருக்க அந்த எண்ணெயைப் பூசினார்கள். 1990களில் தைவான் முதலிய நாடுகளில் இறைச்சிக்குச் சந்தை திறந்தபோது வேட்டை பெருகியது. பருவந்தோறும் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டன. மைக் பாண்டே எடுத்த ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ என்ற ஆவணப்படம் 2000ஆம் ஆண்டளவில் இந்தக் காட்சிகளை உலகின் கண்முன் வைத்தது.

தமிழ் இலக்கணம் பயின்றவர்கள் ‘பேரல்’ என்ற பெயரில் ஓர் ஆகுபெயரைக் காண்பார்கள். கருவியின் பெயர், அக்கருவியால் வசப்படுத்தப்படும் உயிருக்கு ஆகிவருகிறது. ஆகுபெயர் வெறும் சொல்லணி அல்ல. எந்தத் தொடர்பைக் கொண்டு ஒரு பொருளை நினைவில் வைத்திருக்கிறோம் என்பதன் வாக்குமூலம் அது. பேரல் என்று சொல்லும்போதே வேட்டை முடிந்துவிடுகிறது. நீந்தும் மீனுக்கு அந்தப் பெயரில் இடமில்லை. பீப்பாயில் பிணைக்கப்பட்ட மீனுக்கு மட்டுமே இடமுண்டு.

2001 மே 28 அன்று இந்திய அரசு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறாவைச் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உரிய அதே அட்டவணை. அந்தத் தகுதியைப் பெற்ற முதல் மீன் இதுவே. நேற்றுவரை தொழிலாக இருந்தது ஒரே நாளில் குற்றமாயிற்று. ஆனால் சட்டம் அரசிதழின் மொழியில் இருந்தது. மீன் படகுத்துறையின் மொழியில் இருந்தது. அரசிதழில் இருந்தது ஒரு லத்தீன் பெயர். துறையில் இருந்தது பீப்பாய். இரண்டுக்கும் இடையே பாலம் இல்லை.

அந்தப் பாலத்தை 2004இல் தொடங்கிய ஓர் இயக்கம் கட்ட முனைந்தது. இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, குஜராத் வனத்துறை, டாடா கெமிக்கல்ஸ் நிறுவனம் முதலியோர் அதில் இணைந்திருந்தனர். அவர்களுக்குத் துணைநின்றவர், ராமகதை சொல்வதில் குஜராத் முழுதும் புகழ்பெற்ற மொராரி பாபு. அவர் எடுத்துரைத்த உருவகம் எளியது. முதல் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவது குஜராத்தியர் வழக்கம். நம் வழக்கமும் அதுவே. இந்த மீனும் பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீட்டுக் கடலுக்கு வரும் மகள். வீட்டுக்கு வந்த மகளைக் கொல்வார் உண்டோ? இந்தக் கதையைத் தெருநாடகமாக ஊர் ஊராக நடித்தார்கள். காற்றடைத்த முழு உருவப் பொம்மை மீனை ஊர்வலமாகக் கொண்டுசென்றார்கள். கடற்கரை நகரங்கள் சில அதைத் தங்கள் சின்னமாக ஏற்றுக்கொண்டன. மீனுக்குப் புதுப்பெயரும் வந்தது: ‘வஹாலி’. அன்புக்குரியவள், செல்லமகள் என்று பொருள். வல்லப என்னும் வடசொல்லின் வழிவந்த, பெண்பால் ஈறு கொண்ட குஜராத்திச் சொல்.

இங்கே நன்னூலார் நமக்குக் கைகொடுக்கிறார். திணையும் பாலும் பிறழ்ந்து வருவது வழு. ஆனால் உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் பிறழ்ந்தால் அதை வழுவமைதியாக ஏற்கலாம் என்பது அவர் விதி. உவப்புக்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு, ஒருவன் தன் பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் அம்மை என்று அழைப்பது. அஃறிணை அங்கே உயர்திணை ஆகிறது. இலக்கணமும் அதைத் தடுக்கவில்லை. வஹாலி என்பதும் இத்தகைய வழுவமைதியே. வேறுபாடு ஒன்று உண்டு. பசுவுக்கு உரியவனின் உவப்பு தானாக எழுந்தது. சௌராஷ்டிரத்தின் உவப்போ திட்டமிட்டு ஊட்டப்பட்டது.

உறவுச்சொல் ஏற்பது மட்டும் போதுமா என்றால், போதாது. எந்த உறவுச்சொல் என்பதே முக்கியம். வியட்நாமின் மத்திய, தென் கடற்கரைகளில் மீனவர்கள் திமிங்கலத்தைக் ‘கா ஓங்’ என்பர். கா என்றால் மீன். ஓங் என்பது தாத்தாவையும் மதிப்புக்குரிய பெரியவரையும் குறிக்கும் சொல். புயலில் சிக்கிய படகுகளைத் தாங்கிக் கரைசேர்ப்பவர் அவர் என்பது நம்பிக்கை. ஆண்டுதோறும் கடலுக்குள் சென்று அவரை எதிர்கொண்டு அழைத்துவரும் விழா எடுக்கிறார்கள். கரையொதுங்கி இறந்த திமிங்கலத்தை முதலில் கண்டவர், மூத்த மகனாக இருந்து துக்கம் காக்க வேண்டும் என்பது மரபு. குஜராத்திலேயே, வல்சாடு மாவட்டத்தின் மகோது டூங்ரியில் திமிங்கல எலும்புகளை வைத்து மச்ச மாதாவாக வழிபடும் கோயில் இருக்கிறது. நவராத்திரியில் அங்கே திருவிழா நடக்கிறது.

தாத்தாவும் தாயும் நம்மைக் காப்பவர்கள். அவர்களிடம் நாம் அடைக்கலம் கேட்கிறோம்; இறந்தபின் எலும்பைப் போற்றுகிறோம். மகள் அப்படியல்ல. மகளை நாம் காக்க வேண்டும். அதுவும் உயிரோடு இருக்கும்போதே. உறவுச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு திசை உண்டு. கடமை யாரிடமிருந்து யாருக்குச் செல்கிறது என்பதை அச்சொல்லே தீர்மானிக்கிறது. சௌராஷ்டிரத்தில் மீனைத் தெய்வம் என்று அறிவித்திருந்தால் கோயில் எழும்பியிருக்கும். வேட்டை நின்றிருக்குமா என்பது ஐயமே. மகள் என்று அறிவித்ததால் கடமை மீனவனின் கைக்கு வந்துசேர்ந்தது. வஹாலி என்ற பெயரின் நுட்பம் அதன் அன்பில் அல்ல, அதன் திசையில் இருக்கிறது என்பதே என் துணிபு.

வணக்கமும் வேட்டையும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்குத் தமிழிலேயே பழைய சான்று உண்டு. கோரமண்டல் என்ற பெயர் எந்தக் கடற்கரையிலிருந்து எங்கள் ஊருக்கு வந்ததோ, அந்தக் கடற்கரையின் தலைநகரம் காவிரிப்பூம்பட்டினம். கரிகாலனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, அந்நகரின் பரதவர் விடுமுறை கொண்டாடும் காட்சி ஒன்றைக் காட்டுகிறது. முழுநிலா நாளில் அவர்கள் கடலுக்குள் செல்வதில்லை. கருவுற்ற சுறாவின் கோட்டை மணலில் நட்டு, அதில் உறையும் வலிய அணங்கை வழிபட்டு, பூச்சூடி, கள்ளருந்தி, உண்டு ஆடுகிறார்கள்.

ஈராயிரம் ஆண்டு இடைவெளியில் இரு கடற்கரைகள். இரண்டிலும் கருவுற்ற சுறா. இதைக் கண்டவுடன் மரபுத் தொடர்ச்சி என்று எழுதத் தோன்றும். நான் அப்படி எழுதமாட்டேன். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு இருப்பதாகக் காட்ட எந்த ஆதாரமும் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேற்றுமைதான். பூம்புகாரில் சுறாவின் கருவுற்ற நிலை அச்சத்துக்குரிய ஆற்றல்; அணங்கு என்ற சொல்லில் வருத்தும் தெய்வம் என்ற பொருள் இருக்கிறது. சௌராஷ்டிரத்தில் அதே நிலை இரக்கத்துக்குரியது. பூம்புகாரில் கோடு நடப்பட வேண்டுமானால் சுறா முன்னரே இறந்திருக்க வேண்டும். சௌராஷ்டிரத்தில் விழா நடக்க வேண்டுமானால் சுறா உயிரோடு திரும்பிச் செல்ல வேண்டும்.

மணலில் நடத்தக்க நீண்ட கோடு கொண்ட சுறா எது? இன்று தமிழ் மீனவர் வேளா என்று அழைக்கும், வாள்போன்ற மூக்கில் பற்கள் வரிசையாக நிற்கும் மீனே பொருத்தமாகத் தோன்றுகிறது. திமிங்கலச் சுறா சேர்க்கப்பட்ட அதே 2001ஆம் ஆண்டில் வேளா இனங்களும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சட்டம் ஒன்றே, அட்டவணை ஒன்றே. ஆனால் வேளாவுக்கு விழா இல்லை, ஊர்வலம் இல்லை, செல்லப்பெயர் இல்லை. இன்று அது நம் கடல்களில் மிக அரிதாகிவிட்டது. அகன்ற பல்வாளோடு எந்த வலையிலும் சிக்கிக்கொள்ளும் உடலமைப்பும் அதற்கு ஒரு காரணம். பழியை முழுக்கப் பெயரின்மேல் போட இயலாது. எனினும் சங்கப்பாட்டில் இடம்பெற்ற மீன் மறக்கப்பட்டதும், பீப்பாய் என்று அழைக்கப்பட்ட மீன் மகளானதும் அருகருகே வைத்துச் சிந்திக்கத்தக்கவை.

இனி, என் துறை நண்பர்கள் எழுப்பக்கூடிய மறுப்புக்கு வருகிறேன். எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் தொகுத்தளித்த புனையப்பட்ட மரபு என்ற கருத்தாக்கம் இவ்விழாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஒரு தொண்டு நிறுவனமும் ஒரு தொழில் நிறுவனமும் அரசுத்துறையும் ஒரு கதாகாலட்சேபகரும் சேர்ந்து உருவாக்கிய விழாவை மக்கள் விழா என்பது எப்படி? தாய்வீட்டுக் கதைக்கு அறிவியல் அடிப்படை உண்டா? நியாயமான கேள்விகள். அறிவியல் விரிவாக ஆராய்ந்த கருவுற்ற திமிங்கலச் சுறா 1995இல் தைவான் கடலில் பிடிபட்ட ஒன்றே. அதன் வயிற்றில் ஏறத்தாழ 300 குஞ்சுகள் இருந்தன. உலகில் பல இடங்களில் இந்த மீன்கள் கரையோரம் கூடுவது இரைக்காகவே. அவற்றுள் பெரும்பாலானவை இளம் ஆண்கள். எனவே மகள் என்ற பெயர் உயிரியல் உண்மையைச் சொல்ல எழுந்தது அன்று.

மரபு புனையப்பட்டது என்று காட்டுவதோடு ஆய்வு முடிந்துவிடுவதாக நான் கருதவில்லை. பூம்புகார்ப் பரதவரும் ஏதோ ஒருநாள் முதல் கோட்டை நட்டிருப்பார்கள். அந்த நாளைப் பதிவுசெய்ய யாரும் இருக்கவில்லை, அவ்வளவே. கேட்க வேண்டியது, அந்தப் புனைவுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது. வலையில் திமிங்கலச் சுறா சிக்கினால் அதை விடுவிக்க வலையை அறுத்தாக வேண்டும். அறுந்த வலை சிறு படகுக்காரருக்கு அந்தப் பருவத்தின் வருமானம். மகளைக் காப்பாற்று என்று மேடையில் சொல்லிவிட்டு, வலையின் நட்டத்தை அவர் தலையிலேயே கட்டியிருந்தால், வஹாலி என்ற சொல் ஓராண்டில் பொருளிழந்து போயிருக்கும். அப்படி நடக்கவில்லை. அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு வழங்கியது. மீட்பைத் தாங்களே படமெடுத்துச் சான்றாகக் காட்ட மீனவர்களுக்குக் கேமராக்கள் கொடுக்கப்பட்டன. அதிகாரி வந்து பார்க்கும்வரை மீன் வலையில் கிடந்து தவிக்க வேண்டிய நிலை தவிர்ந்தது. இயக்கம் தொடங்கியதிலிருந்து 800க்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் இவ்வாறு விடுவிக்கப்பட்டுள்ளன. அவற்றை விடுவித்தவர்கள் காவலர்கள் அல்லர். பலர் முன்பு பீப்பாய் கட்டிய அதே சமூகங்களைச் சேர்ந்தவர்கள்.

ஆக, பெயர் தனியாக எதையும் செய்துவிடவில்லை. இழப்பீடு மட்டும் இருந்திருந்தால் அது ஓர் அரசுத் திட்டம்; பெயர் மட்டும் இருந்திருந்தால் அது ஒரு மேடைப்பேச்சு. இரண்டும் சேர்ந்தபோது, தொழிலை இழந்த ஒருவருக்கு அதே கடலில் வேறொரு பெருமை கிடைத்தது. குற்றவாளி ஆகவிருந்தவர் தகப்பன் ஆனார். அந்தப் பெருமையை ஆண்டுக்கொருமுறை ஊரறியச் சொல்வதுதான் விழா.

தங்கவயலில் இருந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். 2001ஆம் ஆண்டு எங்களுக்கும் ஒரு தேதியைத் தந்தது. திமிங்கலச் சுறா வேட்டை தடைசெய்யப்படுவதற்குச் சரியாக மூன்று மாதங்களுக்கு முன், பிப்ரவரி 28 அன்று, பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிவைத்த நூற்றாண்டுத் தொழில் நின்றது. அப்போது நான் குழந்தை. தாத்தா சாம்பியன் சுரங்கத்தில் நிலத்தடியில் வேலைசெய்தவர். வேலை போன பிறகும் பல ஆண்டுகள், சங்கு ஊதும் நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார் என்று பாட்டி சொல்வார். ஊதுவதற்கு அப்போது சங்கு இல்லை.

எங்கள் குடியிருப்பு வரிசைகளுக்குக் ‘கூலி லைன்’ என்று பெயர். கூலி என்பது வேலைக்குக் கொடுக்கும் ஊதியம். அது வேலைசெய்யும் ஆளுக்கே பெயராகி, பின் அவர் வாழும் தெருவுக்கும் பெயராயிற்று. இதுவும் ஆகுபெயரே. சௌராஷ்டிரத்தில் மீனைக் கருவியால் அழைத்தார்கள். இங்கே மனிதரை ஊதியத்தால் அழைத்தார்கள். உவப்பினால் அஃறிணை உயர்திணையாகும் என்ற அதே நூற்பாவில், இழிப்பினால் உயர்திணை அஃறிணையாகவும் வழியுண்டு என்பதைச் சிறுவயதிலேயே நாங்கள் கற்றுவிட்டோம். நூற்பா மட்டும் பிறகு வந்தது. சுரங்கம் மூடியபோது கணக்குத் தீர்ப்பும் வழக்குகளும் வந்தன. இனி நீங்கள் யார் என்று சொல்ல ஒரு சொல் மட்டும் யாரிடமிருந்தும் வரவில்லை. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குச் சென்று இரவு திரும்பும் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சொல் இல்லாமலேயே வாழப் பழகிக்கொண்டார்கள்.

மீனுக்குக் கிடைத்தது மனிதருக்குக் கிடைக்கவில்லை என்று மீனின்மேல் பொறாமைப்படவில்லை. ஒரு தொழில் நிற்கும்போது, அதில் வாழ்ந்தவர்களுக்குப் பணத்தோடு பெயரும் கொடுக்கப்பட வேண்டும் என்பதைச் சௌராஷ்டிர மீனவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம் என்கிறேன். மொழியியலைச் சமூகத்துக்கு உதவாத துறை என்று கேலிசெய்யும் நண்பர்களுக்கும் இதுவே என் விடை.

தங்கவயல் தமிழின் சுரங்கச் சொற்களை இப்போது தொகுத்துவருகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தங்களையும் தங்கள் தோழர்களையும் என்ன பெயர் சொல்லி அழைத்துக்கொண்டார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள். நிறுவனம் வைத்த பெயர் வேண்டாம்; அது பதிவேட்டில் இருக்கிறது. நிலத்தடியில், விளக்கொளியில், ஒருவரை ஒருவர் அவர்களே அழைத்துக்கொண்ட பெயர் வேண்டும்.